ஆற்றைத் துப்புரவு செய்ய நாம் வேண்டும், ஆற்றைப் பற்றிப் பேச நாம் வேண்டாமா?



2025 ஜனவரி முதலாம் திகதி ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ வேலைத்திட்டம் தொடங்கிய பிறகு ஆற்றங்கரைச் சிரமதானம் என்ற பேச்சு நமது தோட்டங்களிலும் அடிக்கடி கேட்கிறது. அதற்கு முன்பும் நகரத்து இளைஞர்களும் பாடசாலைக் குழுக்களும் தொண்டர் அமைப்புகளும் மலைக்கு வந்து ஓடைகளில் பொலிதீன் பொறுக்கியதுண்டு. சிரமதானத்துக்கு ஆள் சேர்க்க வேண்டுமென்றால் முதல் அழைப்பு லயத்துக்கு வருகிறது. “வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும், மண்வெட்டி கொண்டுவர வேண்டும்” என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் அதே ஆற்றைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டம் நடக்கும்போது நமக்கு ஒரு நாற்காலி இல்லை. இந்தக் கட்டுரை அந்த நாற்காலியைப் பற்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தங்கள் விடுமுறை நாளைச் செலவழித்து, சேற்றில் இறங்கி, யாரோ எறிந்த குப்பையைத் தூக்குகிற பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களுடைய மனது நல்ல மனது. அந்த மனதை வைத்துக்கொண்டு மற்றவர்கள் செய்கிற வித்தையைத்தான் கேள்வி கேட்கிறேன். பொறுப்பு ஓரிடத்தில் இருக்க, வேலை இன்னோரிடத்தில் விழுகிறது. பழி மூன்றாவதாக ஓரிடத்தில், அதாவது லயத்து வாசலில், கொண்டுவந்து கொட்டப்படுகிறது.

எங்கள் தோட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை அப்படி ஒரு குழு வந்தது. கட்டியிருந்த பதாகையில் ‘தோட்ட மக்களுக்குச் சுற்றாடல் விழிப்புணர்வு’ என்று எழுதியிருந்தது. எங்கள் மாணவர்களும் பெற்றோரும் அவர்களோடு இறங்கினார்கள். மதியத்துக்குள் நாற்பது சாக்குக்கு மேல் நிரம்பியது. படம் எடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், பஸ் புறப்பட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: “சேர், இந்தச் சாக்கையெல்லாம் எங்க கொண்டு போவாங்க?” யாரும் எங்கேயும் கொண்டுபோகவில்லை. பாலத்தடியில் அடுக்கிய சாக்குகள் மூன்று வாரம் அங்கேயே கிடந்தன. பிறகு பெய்த மழையில் பாதி பழையபடி ஆற்றுக்கே போய்ச் சேர்ந்தது. விழிப்புணர்வு யாருக்குத் தேவைப்பட்டது என்பதை அந்தப் பிள்ளையின் கேள்வியே சொல்லிவிட்டது.

குப்பை எப்படி ஓடைக்கு வந்தது?

“லயத்து ஆட்கள் ஓடையில் குப்பை போடுகிறார்கள்” என்று சொல்கிறவர்கள் ஒரு சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. அந்தச் சபைகளுக்கு நாம் வாக்குப் போட்டோம், உறுப்பினர்களைத் தெரிவு செய்தோம். ஆனால் நமது லயத்துக்கு ஒரு குப்பை வண்டி அனுப்பச் சபைக்கு வழி இருக்கவில்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது வருடத்துக்கு மேலாகக் குப்பை எடுக்க ஆளில்லாமல் ஒரு சமூகத்தை விட்டுவிட்டு, பிறகு அந்தச் சமூகத்துக்குத் துப்புரவு பற்றி வகுப்பு எடுக்க வருவது என்ன நியாயம்?

திருத்தம் வந்து இத்தனை வருடமாகிறது. உங்கள் லயத்துக்கு சபையின் டிராக்டர் வாரத்துக்கு எத்தனை தடவை வருகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பிரதான வீதியோடு திரும்பிவிடுகிறது என்றால், மேல் கணக்கிலும் கீழ் கணக்கிலும் இருக்கிறவர்கள் பம்பர்ஸையும் சொப்பிங் பேக்கையும் லஞ்ச் சீட்டையும் என்ன செய்வார்கள்? எரித்தால் புகை, புதைக்கத் துண்டு நிலம் இல்லை. லயத்துக்குப் பின்னால் ஓடை இருக்கிறது.

மண் எப்படி ஆற்றுக்கு வந்தது?

ஆற்றைக் கெடுப்பது பொலிதீன் மட்டுமல்ல. பொலிதீன் கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் விழுகிறது. படத்தில் விழாதது மண்.

நமது தாத்தாமார் காலத்தில் கான் வெட்டுவது தனி வேலை. சரிவுக்குக் குறுக்கே கான் எடுத்து, இடையிடையே குழி விட்டு, வண்டலை வழித்து மீண்டும் தேயிலைத் தூருக்கே போடுவார்கள். செங்குத்தான இடத்தில் கல் வேலி கட்டுவார்கள். மழைத் தண்ணீர் ஓடாமல் நடந்து இறங்கியது. மலைநாட்டில் மண்ணைக் காத்தது அந்தக் கைகள்தான். ‘சுற்றாடல் தொண்டர்’ என்று அவர்களுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. இன்று பல மலைகளில் கான் தூர்ந்து கிடக்கிறது. ஆள் குறைவு, செலவு அதிகம் என்று நிர்வாகம் சொல்கிறது. தேயிலை இடையில் புல் வெட்டிய இடத்தில் இப்போது மருந்து அடிக்கிறார்கள். புல் வேரோடு கருகினால் மண்ணைப் பிடிக்க ஒன்றுமில்லை. ஒரு பெருமழையில் ஓடை தேநீர் நிறத்தில் இறங்குகிறது. இந்த மலைகளிலிருந்து இறங்கும் மண்தான் பொல்கொல்ல, றன்தம்பே போன்ற நீர்த்தேக்கங்களின் அடியில் வண்டலாகப் படிகிறது.

மருந்தைப் பற்றியும் பேச வேண்டும். கிளைபொசேற் களைக்கொல்லிக்கு 2015இல் அரசாங்கம் தடை விதித்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. அந்த மூன்று வருடமும் கம்பனிகளின் நட்டக் கணக்கு பத்திரிகைகளில் வந்தது. மருந்து அடித்த மலைக்குக் கீழே பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருந்துக் கேனை எங்கே கழுவுகிறார்கள்? கரையிலிருந்து எத்தனை அடி விட்டு அடிக்கிறார்கள்? ஓடைக்கரை ஒதுக்கு என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. பல இடங்களில் தேயிலை தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இந்தக் கேள்விகளைச் சிரமதானத்துக்கு வருகிற அதிகாரிகள் துரையிடம் கேட்டு நான் பார்த்ததில்லை.

வெட்டச் சொன்னது யார்?

இந்த மலைகளில் காடு இருந்தது. கோப்பிக்காக அது வெட்டப்பட்டது. வெட்டிய கை நமது முன்னோருடையது, வெட்டச் சொன்ன வாய் அவர்களுடையதல்ல. காடு அழிந்தால் தண்ணீர் போகும் என்பது அன்றைய வெள்ளைக்கார அரசாங்கத்துக்கே புரிந்தது. 1873இல் 5000 அடிக்கு மேலுள்ள முடிக்குரிய காட்டை விற்றுத் துப்புரவாக்குவதை நிறுத்தினார்கள். எஞ்சிய காட்டில் ஒரு பகுதி இன்று பெரிய பெயரோடு இருக்கிறது. சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் சேர்ந்து 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. நல்லது. அந்தக் காட்டுக்கும் கீழ்நாட்டுக்கும் இடையில் கிடக்கிற தேயிலை மலைகளிலும் அவற்றின் லயங்களிலும் வாழ்கிறவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

தண்ணீர் நம்மைத் தாண்டித்தான் கீழே போகிறது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் காசல்ரீ, மவுசாக்கலை அணைகளில் தேங்கி, லக்சபான மின்நிலையங்களின் சக்கரங்களைச் சுற்றி, பிறகு களனி கங்கையாகின்றன. அந்தக் களனியின் தண்ணீரை அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்புக்குக் குழாயில் கொடுக்கிறார்கள். அதே தண்ணீரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நமது லயங்கள் பலவற்றில் வடிகட்டாத ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம், விறகு இல்லாத நாளில் கொதிக்க வைக்காமலும் குடிக்கிறோம். 150 மெகாவொற் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் அணை கட்டி 2012இல் மின் எடுத்தார்கள். சென் கிளயர் நீர்வீழ்ச்சியில் இன்று விழுவது அளந்து விடுகிற தண்ணீர். ஆற்றை எடுக்கும்போதும் நம்மைக் கேட்கவில்லை, கழுவும்போது மட்டும் கூப்பிடுகிறார்கள்.

நமக்குள்ளே சிலருக்கு ஒரு வார்த்தை

நமது சங்கத்துக்குள்ளேயே சில தலைவர்மார் கேட்கிறார்கள்: “சம்பளப் பிரச்சினையே தீரவில்லை, காணிப் பிரச்சினை தீரவில்லை, இப்போது ஆறும் மரமும்தான் நமக்குக் குறையா?” மரியாதையோடு மறுக்கிறேன்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று தாய் வைத்தியசாலையில் இரண்டு நாள் நின்றால் அந்த இரண்டு நாளும் பெயர் விழாது. வறட்சியில் பீலி வற்றி, தண்ணீருக்கு அலைந்து மலைக்குப் பிந்திப் போனால் அரைப்பேர். இது சம்பளப் பிரச்சினை இல்லையா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொடர்மழையில் மலை இறங்கி லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இருந்திருந்தால் அந்த மக்கள் அங்கேயே இருந்திருப்பார்களா? தண்ணீர் போகும் வழி, மண் நிற்கும் விதம், வீடு நிற்கும் காணி மூன்றும் ஒரே பிரச்சினை. அதைப் பிரித்து ‘சுற்றாடல்’ என்று ஒரு பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியைக் கொழும்பிடம் ஒப்படைப்பது நமக்குக் கட்டாது.

இந்த நாட்டில் சாதாரண மக்கள் துடைப்பத்தோடு நிற்காமல் மேலே போன இடங்கள் உண்டு. எப்பாவலையில் பொஸ்பேற் அகழ்வதற்கு வெளிநாட்டுக் கம்பனிக்கு இடம் கொடுக்கப் பார்த்தபோது, அந்தப் பகுதி மக்கள் சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள். இயற்கை வளம் அரசாங்கத்தின் சொத்தல்ல, மக்களுக்காக அது பொறுப்பில் வைத்திருப்பது என்ற கருத்தை 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. திட்டம் அந்த வடிவில் நடக்கவில்லை. சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019இல் கிணற்றுச் சொந்தக்காரர்களுக்கு நட்டஈடு வழங்கும்படி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. கிணற்றுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இருந்தார். நமது பீலிக்குச் சொந்தக்காரர் யார்?

நாம் செய்ய வேண்டியதும், கேட்க வேண்டியதும்

வண்டி வரவில்லை என்பது ஓடையில் எறிவதற்கு அனுமதிச் சீட்டு அல்ல. நமது பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் அது. ஒவ்வொரு லயத்திலும் பொலிதீனையும் போத்தலையும் வேறாகச் சாக்கில் கட்டி வைப்போம். சாக்கு நிரம்பியதும் ஓடைக்கல்ல, சபைக் காரியாலயத்துக்குத் தகவல் போகட்டும். வரவில்லையென்றால் கடிதம், அதற்கும் வரவில்லையென்றால் சாக்குகளோடு நாமே சபை வாசலுக்குப் போவோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தனது மலையிலுள்ள ஊற்று, ஓடை, பீலி அத்தனையையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். எது வற்றியது, எதன் கரையில் மருந்து அடிக்கிறார்கள் என்பதைத் திகதியோடு குறிக்கட்டும். பாடசாலைப் பிள்ளைகள் இதற்கு உதவுவார்கள். பேச்சுவார்த்தை மேசையில் அந்தக் கொப்பி நமக்கு ஆயுதம்.

அந்த மேசையில் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

1. பிரதேச சபையின் குப்பை வண்டி வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு லயத்துக்கும் வரவேண்டும்.

2. ஓடைக் கரைகளை அளந்து ஒதுக்க வேண்டும். அந்த ஒதுக்கில் மருந்தும் புதுக்கன்றும் கூடாது, காட்டு மரம் நட வேண்டும்.

3. கான் வெட்டுவதும் கரையில் மரம் நடுவதும் வேலை. வேலை நாளில் செய்தால் முழுப்பெயர் போட வேண்டும். ஓய்வு நாளில் விரும்பி வருகிறவர் தொண்டர், வற்புறுத்தி அழைக்கப்படுகிறவர் தொண்டர் அல்ல.

4. லயத்துக் குடிநீரைப் பரிசோதித்து, முடிவைத் தமிழில் பிரட்டுக் களத்தில் ஒட்ட வேண்டும்.

5. மலசலகூடக் கழிவு ஓடைக்குப் போகாதபடி குழிகள் கட்ட வேண்டும்.

6. ஆற்றுப் பாதுகாப்புக்கென்று பிரதேச செயலகத்தில் கூடும் எந்தக் குழுவிலும் தோட்டத் தொழிலாளருக்கு இடம் வேண்டும். அதில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டம் கொழுந்து நேரத்தில் வைக்கப்படக் கூடாது, தமிழிலும் நடக்க வேண்டும்.

மலைக்கு வருகிற தொண்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் வாருங்கள், உங்களோடு நாங்களும் இறங்குகிறோம். ஆனால் அடுத்த தடவை கையுறையோடு இந்த ஆறு கோரிக்கைகளையும் கொண்டுவாருங்கள். உங்கள் பதாகையில் அவற்றை எழுதுங்கள். உங்கள் குரலுக்குக் கொழும்பில் திறக்கிற கதவு எங்கள் குரலுக்குத் திறப்பதில்லை. அந்தக் கதவு வரைக்கும் சேர்ந்து வந்தால் நீங்கள் இந்த ஆற்றுக்குச் செய்த உதவி மழையில் அடித்துப் போகாது.

தோழர்களே, அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளை வாசித்து, திருத்த வேண்டியதைத் திருத்தி, தீர்மானமாக எழுதித் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். மாதர் சங்கங்கள் முதலில் அனுப்பினால் இன்னும் நல்லது, தண்ணீர் சுமக்கிற தோளுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.