சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாமா?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சாலையெல்லாம் மரம். அப்படி ஒரு நாளில், ஒரு மருத்துவமனையின் சர்வர் நாகர்கோவிலிலும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் மார்த்தாண்டத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கரண்டும் இணையமும் திரும்பிய பிறகு, அவர் வீட்டிலிருந்தே சர்வரை எழுப்ப முடியுமா?

முடியும். ஆனால் அதற்கான ஏற்பாடு முன்னாடியே இருக்க வேண்டும்.

இன்று ஒரு சர்வருக்குள் பத்து, இருபது மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. பில்லிங் ஒன்று, லேப் ரிப்போர்ட் ஒன்று என்று. இவற்றை விஎம்வேர் நிறுவனத்தின் விசென்டர் போன்ற மென்பொருளில் ஒரே திரையில் நிர்வகிக்கிறோம். அடியில் இருக்கும் இரும்புப் பெட்டியின் கதை வேறு. ஃபேன், பவர் சப்ளை, மெமரி ஆகியவற்றின் உடல்நிலையைக் கவனிக்க மதர்போர்டிலேயே தனி சிப் ஒன்று உண்டு. டெல் சர்வரில் அதன் பெயர் ஐடிராக். எச்பிஇ சர்வரில் ஐஎல்ஓ. சர்வர் அணைந்திருந்தாலும், பிளக்கில் மின்சாரம் இருந்தால் இது விழித்திருக்கும்.

இரண்டு திரைகளையும் தினமும் யார் பார்ப்பார்கள்? வயலில் நிற்பவருக்கு வாய்க்கால் தெரியும், பேச்சிப்பாறை ஷட்டர் தெரியாது. அதனால்தான் வன்பொருள் தகவலை விசென்டருக்குள்ளேயே கொண்டுவரும் பிளக்-இன்களை டெல், எச்பிஇ போன்ற நிறுவனங்கள் தருகின்றன. பயன் உண்மையானது. 2016-ல் வந்த விஸ்பியர் 6.5 பதிப்பு முதல், ஒரு சர்வரில் பவர் சப்ளை பழுதானதாகத் தகவல் வந்தால், அது முழுவதும் படுப்பதற்கு முன்பே மெய்நிகர் கணினிகளைப் பக்கத்து சர்வருக்கு மாற்றிவிட முடிகிறது. ஃபர்ம்வேர் அப்டேட்டையும் இப்படி ஒவ்வொரு சர்வராக, வேலை நிற்காமல் முடிக்கலாம். ஒற்றை ஆள் பார்க்கும் அலுவலகத்துக்கு இது வரம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

என் கவலை வேறு. சின்ன நிறுவனங்களில் விசென்டரும் பெரும்பாலும் அதே சர்வரில் ஓடும் ஒரு மெய்நிகர் கணினிதான். சர்வர் படுத்தால் அந்தத் திரையும் படுத்துவிடும். "எல்லாம் விசென்டர்லயே இருக்கு சார்" என்று நம்பி இருந்தவருக்கு அன்றைக்கு ஒன்றுமே இருக்காது. பெட்டியைத் திறக்கும் சாவி பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதை.

செலவுக் கணக்கும் இருக்கிறது. 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கிய பிராட்காம், அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியது. பலர் பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் போகிறார்கள். மாறினால் விசென்டர் பிளக்-இன் கூட வராது. 2015-ல் வெளியான ரெட்ஃபிஷ் என்ற பொதுத் தரம் எந்த நிறுவனத்தின் சர்வரோடும் ஒரே மொழியில் பேசும். சர்வர் வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. பிளக்-இன் வேலை செய்ய வன்பொருளின் கடவுச்சொல்லை அதனிடம் கொடுக்கிறோம். விசென்டருக்குள் திருடன் புகுந்தால் இரும்புப் பெட்டியும் அவன் கைக்குப் போகலாம். ஐஎல்ஓ 4-ல் ஒரு காலத்தில் 'ஏ' என்ற எழுத்தை 29 முறை அனுப்பினாலே கடவுச்சொல் இல்லாமல் உள்ளே போகும் ஓட்டை இருந்தது. 2017-ல் அது அடைக்கப்பட்டது. அப்டேட் போடாதவர்களுக்கு இன்றும் அது திறந்தே கிடக்கும்.

ஆகவே, ஒரே திரை இருக்கட்டும்; ஒரே வழியாக இருக்க வேண்டாம். ஐடிராக், ஐஎல்ஓ இணைப்புகளைத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள். இணையத்தில் நேரடியாகத் திறக்காமல் விபிஎன் வழியாகப் போங்கள். அந்த விபிஎன்னும் அதே சர்வருக்குள் ஓடக் கூடாது. ரிமோட் கன்சோலுக்குப் பல மாடல்களில் தனி உரிமம் வேண்டும். ஆர்டர் போடும்போதே சேருங்கள். முகவரியையும் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி அலுவலக லாக்கரில் வையுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விசென்டரைத் தொடாமல் வீட்டிலிருந்தே சர்வரை ஒருமுறை அணைத்து எழுப்பிப் பாருங்கள். எழவில்லை என்றால், குறை எங்கே என்று புயலுக்கு முன்பே தெரிந்துவிடும்.