ஓட்டப்போகிறவரே தேர்ந்தெடுக்கட்டும்

வீட்டுக்கு இரண்டாவது கார் வாங்கும்போது, "இது அவளுக்காகத்தான்" என்று சொல்லிக்கொண்டே கணவர், மாமனார், மைத்துனர் எல்லோரும் கூடி முடிவெடுப்பது நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. ஓட்டப்போகிற பெண்ணிடம் நிறம் மட்டும் கேட்கப்படும். இந்த வழக்கம் மாற வேண்டும். வண்டியை யார் ஓட்டப்போகிறாரோ, அவரே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆர்.சி.யும் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும்.

என் மனைவி திருச்சி தில்லைநகர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் செவிலியர். வீடு ஸ்ரீரங்கத்தில். ஐப்பசி மழையில், நைட் டூட்டிக்காகக் காவிரிப் பாலத்தின் மேல் காற்றோடு மல்லுக்கட்டி ஸ்கூட்டர் ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்பது போய் வருகிறவர்களுக்குத் தெரியும். அவருக்குக் கார் வேண்டும் என்பதில் வீட்டில் மறுபேச்சு இல்லை. எந்தக் கார் என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. குலதெய்வம் கோயிலுக்கு எல்லோரும் ஒன்றாகப் போகிற மாதிரி பெரிதாக வாங்கச் சொன்னார் அப்பா. டீசல்தான் லாபம் என்றார் மைத்துனர். ஏழு பேர் போகிற டீசல் வண்டி ஏற்கெனவே வீட்டில் நிற்கிறது. அதை நான் ஓட்டுகிறேன். அது செய்கிற வேலையையே செய்ய இன்னொரு வண்டி எதற்கு?

தினமும் சில கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிக்கு டீசல் பொருந்தவும் செய்யாது. பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. தேங்கிய கரி எரிந்து வெளியேற, வண்டி நன்றாகச் சூடேறி, நிற்காமல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். நகருக்குள் நின்று நின்று போனால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

ஷோரூமில் விற்பனையாளர் மைலேஜிலிருந்து மாதத் தவணைவரை எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அதற்குள் என் மனைவி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவர் உயரம் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. கிளட்சை முழுக்க மிதித்தால் முதுகு இருக்கையை விட்டு விலகியது. இருக்கையை முன்னால் இழுத்தால் நெஞ்சு ஸ்டீயரிங்கை ஒட்டி வந்தது. ஏர்பேக் விரிய நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே சுமார் 25 செ.மீ. இருக்க வேண்டும். "இது எனக்குச் சரிப்படாதுங்க, அடுத்ததைப் பார்க்கலாம்" என்று இறங்கிவிட்டார். ஓட்டப்போகிறவர் உட்கார்ந்து பார்த்தால்தான் இதெல்லாம் தெரியும்.

அடுத்த வண்டியில் இருக்கையை உயர்த்திக்கொள்ள வசதி இருந்தது. அரிஸ்டோ மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்த்தார். எங்கள் தெருவுக்கே கொண்டுவந்து, ரிவர்ஸில் வாசலுக்குள் விட்டுப் பார்த்தார். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் விபத்துச் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியாக நட்சத்திரம் தருகிறார்கள்; இரண்டையும் பார்த்தார். கடைசியில், கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஏ.எம்.டி. கியர் கொண்ட சிறிய பெட்ரோல் காரை எடுத்தார்.

ஆர்.சி. யார் பெயரில் என்பதைச் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். வாகனக் காப்பீட்டோடு வரும் 15 லட்சம் ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, உரிமம் உள்ள உரிமையாளருக்கு மட்டுமே உரியது. வண்டி கணவர் பெயரில் இருந்து, மனைவி ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் அந்தப் பணம் அவருக்குக் கிடைக்காது. க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கிடைக்கும் கழிவும் உரிமையாளர் கணக்கில்தான் சேரும். வண்டியை விற்றாலும் அதை அவர் தன் அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகலாம்.

கார் வந்த பிறகு வீட்டு வண்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் வாசலில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிறுத்த முடியும். முதலில் கிளம்புகிறவர் வண்டி கடைசியாக உள்ளே வர வேண்டும். நைட் டூட்டி வாரத்தில் இந்த வரிசை மாறும் என்பதால், டூட்டி சார்ட் வந்ததுமே பேசி வைத்துக்கொள்கிறோம். எல்லா வண்டிகளின் இன்சூரன்ஸ், புகைச் சான்று, சர்வீஸ் தேதிகளும் சமையலறைக் காலண்டரில் இருக்கின்றன. பெரிய வண்டி வாரக்கணக்கில் நின்றால் பேட்டரி இறங்கிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காந்தி மார்க்கெட்டுக்கு அதில்தான் போகிறோம். பக்கத்துக் கடைக்கு ஸ்கூட்டர் போதும். எந்த வேலைக்கு எந்த வண்டி என்பதைத் தேவை முடிவு செய்யட்டும். பெரியது ஆணுக்கு, மிஞ்சியது பெண்ணுக்கு என்ற கணக்கு வேண்டாம்.

மனைவிக்குக் கார் வாங்கப்போகிற கணவர்களுக்குச் சொல்கிறேன்: டெஸ்ட் டிரைவ் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள். அவர் கேட்டால் மட்டும் கருத்துச் சொல்லுங்கள். தினமும் ஓட்டப்போவது அவர்தான். முடிவும் அவருடையதாகவே இருக்கட்டும்.