கடல் கடந்து வரும் காப்பி

அயல்நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்து ஊர் திரும்புவோரின் பெட்டியில் காப்பிப் பொட்டலத்துக்கு ஒரு தனியிடம் உண்டு. எத்தியோப்பியாவின் யிர்கச்செஃபே, கென்யாவின் நியேரி என்று விளைந்த ஊரின் பெயர் தாங்கிய அப்பொட்டலங்கள் இரண்டொரு மாதங்களில் தீர்ந்துபோகின்றன. தேடல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. அடுத்து ஊருக்கு வரும் உறவினர் யார், அவர் பெட்டியில் அரைக் கிலோவுக்கு இடமிருக்குமா என்று கணக்குப் போடுகிறோம். பெருநகரக் கடைகளில் இறக்குமதிப் பொருள்களின் அடுக்கைத் துழாவுகிறோம்; இணையக் கடைகளில் விலையைப் பார்த்துத் திகைக்கிறோம். கும்பகோணம் டிகிரி காப்பியின் நாட்டில் இருந்துகொண்டு இது என்ன வேண்டாத வேலை என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதும் வழக்கமாகிவிட்டது.

இத்தேடலைப் பகட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. சுவை அவரவர் உரிமை, அதில் கேள்வி எதற்கு என்போரும் உண்டு. நாம் இவ்விரு தரப்பிலும் சேரவில்லை. தேடுவதில் பிழையில்லை, ஆனால் எதைத் தேடுகிறோம் என்று அறியாமல் தேடுவதால் பணமும் வீண், சுவையும் வீண் என்பதே நம் கருத்து.

முதலில் சுதேசி வாதத்தைப் பார்ப்போம். காப்பியில் உள்நாடு, வெளிநாடு என்று கோடு கிழிப்பது எளிதன்று. தமிழர் வாழ்வில் காப்பி எவ்வளவு புதிய வரவு, அது எத்தகைய பூசல்களைக் கிளப்பியது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலைப் படித்தவர்கள் அறிவார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற சூஃபிப் பெரியவர் ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக்கொண்டு வந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது மரபுக் கதை. அதே நூற்றாண்டின் இறுதியில், 1696இலும் 1699இலும், டச்சுக்காரர்கள் மலபார்க் கரையிலிருந்து காப்பியை ஜாவாவுக்குக் கொண்டு சென்றனர். ஜாவாவின் செடி 1706இல் ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்தை அடைந்தது. அதன் வழிவந்த கன்று பாரிசுக்குப் போய், அங்கிருந்து 1720களில் மார்த்தினிக் தீவுக்குச் சென்றது. அமெரிக்கக் கண்டத்துப் பழைய காப்பித் தோட்டங்களின் மரபு பெரிதும் இவ்வழியில் வந்ததே. பின்னாளில், மைசூர்ப் பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘கென்ட்’ என்ற வகை கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் வேரூன்றியது. கொலம்பியக் காப்பியை விரும்புகிறவரை நோக்கி ‘அயல் மோகம்’ என்று சொல்வதற்கு முன் இந்த வரலாற்றைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது விலை. வறுத்த காப்பியாயினும் பச்சைக் கொட்டையாயினும் இந்தியாவுக்குள் வர நெடுங்காலமாக 100 விழுக்காடு அடிப்படைச் சுங்கவரி விதிக்கப்பட்டு வந்துள்ளது. பச்சைக் கொட்டைக்குப் பயிர்நோய்த் தடுப்பு விதிகள் வேறு. அவ்விதிகளுக்குக் காரணம் உண்டு. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளுக்குள் அத்தீவின் காப்பித் தொழிலையே அழித்து, மலைகளைத் தேயிலைக்கு மாற்றியது. வரிக்கும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது: மலிவான வியட்நாம் ரொபஸ்டா தடையின்றி வந்து குவிந்தால் வயநாட்டுச் சிறு விவசாயி என்ன ஆவார் என்பது. அந்த அச்சம் பொய்யன்று. உடனடிக் காப்பித்தூள் செய்து ஏற்றுமதி செய்யும் ஆலைகள் அயல்நாட்டுக் கொட்டையை வரிவிலக்குடன் தருவித்துக்கொள்கின்றன என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அயல் காப்பி நம் துறைமுகங்களுக்கு மூட்டை மூட்டையாக வரத்தான் செய்கிறது. நம் கோப்பைக்குத்தான் வருவதில்லை. ஆயினும் நம் அரைக் கிலோவுக்காக வரியை நீக்கச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று.

இரு மடங்கு விலை கொடுத்து வாங்கிய பொட்டலம் அயல்நாட்டில் குடித்த சுவையைத் தருகிறதா என்பதே நம் கேள்வி. பெரும்பாலும் தருவதில்லை. காப்பிக்கொட்டை வறுபட்டதும் அதன் நறுமணம் கரையத் தொடங்கிவிடுகிறது. முழுக்கொட்டை சில வாரங்கள் நன்றாக இருக்கும். அரைத்த தூளின் மணம் சில நாள்களிலேயே மங்கிவிடும். கடல் கடந்து, கிடங்கில் கிடந்து, கடை அடுக்கில் காத்திருந்து நம் கைக்கு வரும் தூளோ வறுபட்டுப் பல மாதங்கள் ஆனதாக இருக்கும். பொட்டலத்தின் மேல் ‘இன்ன நாளுக்குள் பயன்படுத்துக’ என்று ஓராண்டு, ஒன்றரை ஆண்டு தள்ளி ஒரு நாள் அச்சிடப்பட்டிருக்கும். அந்நாள்வரை தூள் கெட்டுப்போகாது என்பது மெய்தான். சுவைக்கு அது உறுதி சொல்வதில்லை.

தண்ணீரும் பாலும் செய்யும் வேலை தனி. கிழக்கு ஆப்பிரிக்கக் காப்பியின் சிறப்பே அதன் எலுமிச்சை போன்ற இளம்புளிப்பு. நம் ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் மிகுந்துள்ள பைகார்பனேட் உப்புகள் அப்புளிப்பை முறித்துவிடுகின்றன. எஞ்சியதைப் பாலும் சர்க்கரையும் மூடிவிடுகின்றன. இளவறுவலாக வந்த எத்தியோப்பியக் காப்பியைப் பித்தளை ஃபில்டரில் இட்டுக் கெட்டியாக டிகாக்‌ஷன் இறக்கி, கொதிக்கும் பாலில் கலந்து குடித்துவிட்டு, ‘இதற்கா இத்தனை விலை’ என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காப்பி அதற்குரியதன்று. உப்பு குறைந்த நீரில், சற்றுப் பெருநொய்யாக அரைத்து, தாள் வடிகட்டியில் இறக்கி, பாலின்றிக் குடித்தால் அதன் இயல்பு தெரியும். கெட்டியான டிகாக்‌ஷனுக்கு நம் முதுவறுவலும் பாலும் எவ்வளவு பொருந்துகின்றனவோ, அதற்கு இது அவ்வளவு பொருந்தும். இதில் உயர்வு தாழ்வு இல்லை.

அப்படியானால் அயல்நாட்டில் நாம் விரும்பியதுதான் எது? எண்ணிப் பார்த்தால் மூன்று செய்திகள் புலப்படுகின்றன. காப்பி வறுத்த நாள் தெரிந்திருந்தது. அது எந்த மலையில் விளைந்தது என்பது தெரிந்திருந்தது. அதில் வேறெதுவும் கலக்கப்படவில்லை. இம்மூன்றில் எதற்கும் கப்பல் தேவையில்லை.

இவை நமக்கு இங்கே கிடைக்காமற்போனதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காப்பி வாரியத்திடமே விவசாயிகள் தம் விளைச்சலை ஒப்படைக்க வேண்டியிருந்தது. எல்லார் காப்பியும் ஒரே பொதுத்தொகுப்பில் சேர்ந்து, தர வரிசைப்படி விலைபோயிற்று. 1990களின் தொடக்கத்தில் இந்த ஏற்பாடு படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 1996இல் முற்றிலும் நீங்கியது. அரை நூற்றாண்டுக் காலம் ஊர்ப்பெயர் இல்லாமலே காப்பி விற்ற நாட்டில் ‘பீபெரியா, பிளான்டேஷனா, சிக்கரி எத்தனை’ என்ற மூன்று கேள்விகள் மட்டுமே கடைவாசலில் எஞ்சியதில் வியப்பில்லை. சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 விழுக்காடு இருந்தாலே போதும் என்கிறது விதி. அதாவது நூறு கிராமில் நாற்பத்தொன்பது கிராம் வேறொரு செடியின் வேராக இருக்கலாம். சிக்கரியின் கெட்டித்தன்மையை விரும்புவோர் விரும்பட்டும்; அதை அறிந்து விரும்பட்டும்.

ஏற்காட்டிலும் நீலகிரியிலும் தாண்டிக்குடி முதலான பழனிமலைச் சரிவுகளிலும் அராபிகா விளைகிறது. இந்திய விளைச்சலில் தமிழகத்தின் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடுதான். ஆனால் ஒரு மாநிலத்தின் காப்பிப் பிரியர்கள் பெயர்சொல்லிக் கேட்க அதுவே போதும். 2019இல் குடகு, சிக்மகளூர், பாபா புதன்கிரி, வயநாடு, அரக்கு ஆகிய ஐந்து பகுதிகளின் காப்பிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் தமிழக மலை ஒன்றுகூட இல்லை. இந்தியக் காப்பியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றுமதியாகிறது. அதை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் இத்தாலி முதன்மையானது. எஸ்பிரஸோக் கலவைகளில் நம் ரொபஸ்டா பெயரின்றிக் கரைகிறது. நாம் இங்கே பெருவிலை கொடுத்து வாங்கும் இத்தாலிய டப்பாவுக்குள் குடகின் கொட்டை சில இருக்கக்கூடும்.

இதில் இழப்பு நம் நாவுக்கு மட்டுமன்று. இந்தியக் காப்பித் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை சிறு விவசாயிகளுடையவை. பெயரற்ற கொட்டைக்கு அவர்கள் பெறும் விலையை நியூயார்க், லண்டன் சந்தைகளின் ஏற்ற இறக்கமே பெரிதும் நிர்ணயிக்கிறது. விளைந்த ஊரின் பெயரைக் கேட்டு, அதற்கென்று சற்றுக் கூடுதலாகக் கொடுக்கும் வாடிக்கையாளர் பெருகினால் அந்தப் பிடி சிறிதேனும் தளரும். சில தோட்டக்காரர்களும் வறுப்பவர்களும் ஏற்கெனவே இவ்வழியில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் பொட்டலத்தில் ஊரும் வறுத்த நாளும் இருக்கின்றன. தெருமுனையில் வறுத்து அரைத்துத் தரும் கடைகளுக்கோ இது இன்னும் எளிது. அங்கே கொட்டை நம் கண்ணெதிரிலேயே வறுபடுகிறது. அது எந்த மலையிலிருந்து வந்தது என்று நாம் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

ஆகவே அயல் காப்பித் தேடலை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. உறவினர் வந்தால் ஒரு பொட்டலம் கேளுங்கள்; தூளாக அன்றி முழுக்கொட்டையாக, அண்மையில் வறுத்ததாகக் கேளுங்கள். அதை உரைகல்லாக வைத்துக்கொண்டு, அடுத்த முறை தெருக்கடைக்குப் போகும்போது பழைய மூன்று கேள்விகளோடு மேலும் இரண்டைக் கேளுங்கள்: இது எந்த மலையில் விளைந்தது, என்றைக்கு வறுத்தது? கடைக்காரர் முதல்முறை விழிக்கலாம். பத்துப் பேர் கேட்டால் விசாரித்து வைப்பார். நூறு பேர் கேட்டால் பலகையில் எழுதி வைப்பார்.