ஒரு மின்மானிக்கு இரு நீதியா?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெகிவளையிலும் ஒரே கூரையின்கீழ் இரு குடும்பங்கள் வாழும் வீடுகள் பல உண்டு. முன்பகுதியில் வீட்டுக்காரர், பின்பகுதியிலோ மேல்மாடி அறையிலோ தொழிலுக்கும் படிப்புக்கும் ஊரிலிருந்து வந்து வாடகைக்குக் குடியிருப்பவர். வாசல் இரண்டு, அடுப்பு இரண்டு, மின்மானி மட்டும் ஒன்று! மாத முடிவில் அந்த ஒற்றை மின்மானியே மனக்கசப்புக்கு வித்தாகின்றது.

குடியிருப்பவர் கேட்பது என்ன? சலுகையா? தானமா? அன்று, கணக்கு! அக்கணக்கைக் காட்ட மறுக்கும் வீட்டுக்காரரையே நாம் இங்கு வினவுகின்றோம்.

நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவது. மாதம் 60 அலகுக்குள் அடங்கும் வீட்டுக்குக் குறைந்த விலை. அவ்வெல்லையைக் கடந்தால் வேறு அட்டவணை. 180 அலகையும் கடந்தால் உச்ச விலை. குறைவாகச் செலவிடும் ஏழையைக் காப்பதே இம்முறையின் நோக்கம். ஆனால் இரு குடும்பங்களை ஒரு மின்மானியிற் பிணைத்தால், அக்காப்பு ஏழைக்கே இல்லாதொழிகின்றது. தனித்திருந்தால் 50 அலகுக்குக் குறைந்த விலை கொடுக்க வேண்டியவர், கூட்டுக் குடித்தனத்தால் மேலடுக்கிற்கு இழுக்கப்படுகின்றார்.

இதன்மேல் மற்றொரு கொடுமை! "மலிவான முதல் அலகுகள் என்னுடையவை, விலையேறிய கடைசி அலகுகள் உன்னுடையவை" என்கின்றார் வீட்டுக்காரர் சிலர். என்னே இவர்தம் கணிதம்! முன்னறையிற் குளிர்சாதனப் பெட்டி இயங்கிய அதே இரவிற்றானே பின்னறையில் மின்விசிறியும் சுழன்றது? எந்த அலகு முந்தியது, எது பிந்தியது என்று கண்டவர் யார்? மின்சாரத்துக்கும் குலமுறை வகுத்துவிட்டனரோ?

வேறு சிலர் பட்டியலைச் சரிபாதியாக வெட்டுகின்றனர். 150 அலகுக்கு 4,500 ரூபா வந்ததென வைத்துக்கொள்வோம். அதிற் குடியிருப்பவர் செலவிட்டது 50 அலகு. நிலையான கட்டணமும் உட்பட அவர் பங்கு மூன்றிலொன்று. அதாவது 1,500 ரூபா. சரிபாதி என்னும் பெயரால் 2,250 ரூபா பெறுவது பங்கீடன்று, பறிப்பு!

"குடியிருக்க வந்தவராலன்றோ என் கட்டணமும் மேலடுக்கிற்கு ஏறியது?" என்பர். உண்மையே. ஆனால் அவரிடம் மாதந்தோறும் வாடகை பெறுபவரும் நீர்தானே? வருவாய் உமக்கு, சுமை மட்டும் அவருக்கா? ஈடு வேண்டுமாயின், குடிவரும் நாளிலேயே வாடகையிற் சேர்த்து வெளிப்படையாகக் கூறுக. பட்டியலுக்குள் ஒளித்து வாங்காதீர்.

2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. அதன்பின் ஏறியும் இறங்கியும் வருகின்றது. ஏற்றத்தை அன்றே அறிவித்த வீட்டுக்காரர், இறக்கத்தை அறிவிக்க ஏன் மறந்தார்? பட்டியல் கண்ணிற் படாதவரை இம்மறதிக்கு மருந்தில்லை.

குடியிருப்பவர்க்கும் ஒரு சொல். இரவு முழுதும் குளிரூட்டியை ஓடவிட்டு, "அறை ஒன்றுதானே" என்று வாதிடுவதும் நேர்மையன்று. அளந்த அளவுக்குக் கொடுப்பதே கடன்.

தீர்வு எளிது. இயலுமிடத்துத் தனி இணைப்புப் பெறுக. இயலாவிடத்து உட்பகுதிக்கு உபமானி பொருத்துக. மாதந்தோறும் இருவரும் சேர்ந்து வாசித்துக் குறித்து, மூலப் பட்டியலை மேசைமேல் வைத்து, மொத்தத் தொகையை அலகு விகிதப்படி பகிர்க. குழாய்நீர்க் கட்டணமும் அடுக்காக ஏறுவதே. தனிமானி இல்லாவிடத்து அதனைத் தலைக்கணக்கிற் பகிர்க. நீரிறைக்கும் பொறியும் வாசல் விளக்கும் பொதுச்செலவு. கணக்குக் கேட்டவரை ஆளியை அணைத்து இருளில் இருத்தும் இழிசெயலை அடியோடு விடுக!

மேடையிற் சமநீதி முழங்கும் நாம், நம் வீட்டுச் சுவரில் தொங்கும் மின்மானியின் முன் அதனை மறக்கலாமா? பட்டியலை மறைப்பவர் எதனை மறைக்கின்றார்? வீட்டுக்காரர் விடை பகர்வாராக!