சைவம் என்னும் சொல்லும் பழவேற்காட்டு அடுப்பும்

வீட்டில் சமைக்க 'எளிய சைவ உணவு' என்று எழுதுவோரிடம், எவருக்கு எளிது என்று கேட்க வேண்டியிருக்கிறது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் எளிய உணவு மீன்குழம்பே. மீன் வலையில் வருகிறது; புளியும் மிளகாயுமே கடைச்சரக்கு. துவரம்பருப்புக்கும் கத்தரிக்காய்க்கும் காசு வேண்டும். உவர்மண்ணில் அவரைக்கொடி எளிதில் ஏறாது.

அங்கே மரக்கறிச் சமையலே இல்லையென எண்ணிவிட வேண்டாம். வெள்ளிக்கிழமை உண்டு, அமாவாசை உண்டு. 'பாடு' என முறைவைத்து இறால்வலை கட்டும் வழக்கமுள்ள ஏரி அது; முறை வராத நாளில் முருங்கைக்கீரையும் ரசமுமே சோற்றுக்குத் துணை. பக்தியில் வெந்த கீரைக்கும் பற்றாக்குறையில் வெந்த கீரைக்கும் சுவை ஒன்றுதான். (கீரை கடைசலுக்கு நாமும் அடிமைகளே.) அந்தச் சட்டியைத் தூய்மையின் ஏணியாக்குவதைத்தான் மறுக்கிறோம்.

அதற்குத் துணைபோகிறது 'சைவம்' என்ற பெயர். பெரியபுராணத்து அதிபத்தர் நாகப்பட்டினத்து நுளைப்பாடிப் பரதவர். வலையில் பட்டவற்றுள் ஒரு மீனைச் சிவனுக்கென்று நாள்தோறும் கடலில் விட்டவர். ஒன்றே ஒன்று கிடைத்த நாள்களிலும் அதை விட்டுவிட்டுப் பசித்திருந்தவர். அறுபத்துமூவரில் ஒருவரான அவரிடம், மீன் சைவத்துக்கு ஆகாதென்று யார் சொல்வது? ஈழத்தார் 'மரக்கறி' என்பார்கள். பண்டத்தை மட்டும் சொல்லும் நேர்மையான சொல்.

2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் 15 வயதைக் கடந்தோருள் ஊன் உண்ணாதோர் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆயினும் சென்னையில் 'சைவக் குடும்பத்தாருக்கு மட்டும்' என்ற வாடகை விளம்பரம் ஓயவில்லை. அமாவாசை தவறாமல் கீரை கடையும் குப்பத்துப் பெண் அந்த வாசலில் நின்று என்ன பதில் சொல்வாள்?