முதல் நான்கு சீட்டில் என்ன கேட்கலாம்?

இருபத்தெட்டு சீட்டாட்டத்தில் தோற்றவர் காதில் குணுக்கு ஏறும், அவ்வளவுதான். காசு போகாது. இதனாலேயே சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் சரி, குமுளி, பூப்பாறைப் பக்கமும் சரி, முதல் நான்கு சீட்டு கைக்கு வந்ததும் நிதானிக்காமல் 16, 17 என்று கேட்டுவிடும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. பந்தயம் சின்னது என்பதால் கேள்வியை மலிவாக்கக் கூடாது என்பது இந்த இதழின் உறுதியான கருத்து. கேள்விதான் இந்த ஆட்டத்தின் உயிர். எட்டில் பாதிச் சீட்டை மட்டும் பார்த்துவிட்டு, தோழனையும் சேர்த்து ஒரு வாக்குறுதிக்குள் கட்டிப்போடுகிறோம்.

சிறு பந்தய ஒமாஹா ஹை-லோ போக்கரிலும் இதே நோய் உண்டு. அங்கும் தொடக்கத்தில் நான்கு சீட்டு. அவற்றில் சரியாக இரண்டைத்தான் பயன்படுத்த வேண்டும். தொகை உயர்ந்த கைக்கும் தாழ்ந்த கைக்கும் பாதியாகப் பிரியும். நான்கு சீட்டில் ஆறு ஜோடி கிடைக்கிறதே என்று எதையும் ஆடுபவர்கள்தான் அங்கே தோற்கிறார்கள். தாழ்ந்த கைக்கு அடித்தளமான ஆஸும் இரண்டும் சேர்ந்து வருவது 100 கையில் 6 தடவைதான். அதுவும் துணையின்றி வந்தால், எதிரே இன்னொருவரிடம் அதே ஜோடி இருக்கும்போது கால் பங்குதான் மிஞ்சும். நான்கு சீட்டும் ஒன்றுக்கொன்று துணை நின்றால் மட்டுமே தேர்ந்தவர்கள் உள்ளே போகிறார்கள். இணையத்தில் காசு வைத்து ஆடுவதை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் இந்தப் பாடம் காசில்லாத நம் மேசைக்கும் அப்படியே பொருந்தும்.

கணக்குக்கு வருவோம். உங்கள் நான்கு போக 28 சீட்டு தெரியாதவை. அவற்றில் 4 உங்களுக்கே வரும், 8 தோழனுக்கு, 16 எதிராளிகளுக்கு. ஒன்பது, ஆஸ், பத்து மூன்றும் ஒரே இனத்தில் வந்து ஜாக்கி மட்டும் இல்லையென்றால், அந்த ஜாக்கி எதிராளிகளிடம் இருக்க ஏழில் நான்கு வாய்ப்பு. தோழனிடம் இருக்க ஏழில் இரண்டு. உங்களுக்கே வர ஏழில் ஒன்று. பார்க்க அழகான கை. ஆனால் அதை நம்பி 17 கேட்பவர் தன் ஒன்பதின் 2 புள்ளியை எதிராளியின் ஜாக்கிக்குத் தூக்கிக் கொடுக்கும் ஆபத்தை ஏற்கிறார்.

ஜாக்கி, ஒன்பது, கூட ஒரு சின்னச் சீட்டு என மூன்றும் ஒரே இனத்தில் இருந்தால் துருப்பு வைக்கத் தயங்க வேண்டாம். அடுத்த நான்கில் அதே இனத்தில் ஒன்றாவது வர 57 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

பலரும் கவனிக்காத இடம் நான்காவது சீட்டு. துருப்பில் நீளம் பலம். மற்ற இனத்தில் அதே நீளம் ஆபத்து. இனத்துக்கு எட்டே சீட்டு என்பதை மறக்கக் கூடாது. வெளி இனத்தில் ஜாக்கி தனியாக இருந்தால், எதிராளிகளில் ஒருவரிடமாவது அந்த இனமே இல்லாமலிருக்கும் வாய்ப்பு சுமார் 13 விழுக்காடு. அதே ஜாக்கியுடன் இரண்டு சின்னச் சீட்டும் இருந்தால் அது 31 ஆகிறது. அவர் துருப்பைத் திறக்கச் சொல்லி வெட்டினால் 3 புள்ளி போச்சு. ஆகவே துருப்பில் ஜாக்கி, ஒன்பது, இன்னொன்று, வெளியே ஒற்றை ஜாக்கி என்ற கைக்கு 18 வரை தாராளமாகப் போகலாம். வெளி இனத்தில் ஜாக்கியோடு இரண்டு சின்னச் சீட்டு, கூட வேறு இனத்தில் ஓர் ஆஸ் என்றால், ஜாக்கி இருக்கிறதே என்று துள்ளாமல் பாஸ் சொல்லுங்கள்.

இலங்கைத் தமிழர் ஆடும் முந்நூற்று நான்கு என்ற சீட்டாட்டத்திலும் சீட்டுகளின் வரிசை இருபத்தெட்டில் உள்ளதேதான். அங்கே ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10. எண்கள் மாறினாலும் ஜாக்கி இல்லாத ஒன்பதை நம்பக் கூடாது என்பது மாறவில்லை.

தோழனின் கேள்வியையும் எடைபோட வேண்டும். முதலில் பேசுபவர் கட்டாயம் கேட்க வேண்டும் என்ற மேசையில் அவர் சொல்லும் 14 எதையும் உணர்த்தாது. பாஸ் சொல்ல வழியிருந்தும் அவர் 16 என்றால், அது கையைப் பார்த்துச் சொன்ன சொல். அதை நம்பி உங்கள் ஒன்பதின் மதிப்பை உயர்த்திக்கொள்ளலாம்.

மேசைக்கு மேசை விதி மாறுவதால் கையின் விலையும் மாறுகிறது. துருப்பில் ராஜா-ராணி ஜோடி காட்டினால் 4 புள்ளி தள்ளுபடி என்ற மேசையில், ஜாக்கி, ராஜா, ராணி ஒரே இனத்தில் வந்தால் 17 கேட்கத் தகுதியான கை. அந்த விதி இல்லாத மேசையில் இதே கைக்கு 14ஐத் தாண்டாதீர்கள். சீட்டைக் கலைக்கும் முன்பே இதைப் பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.