எந்தத் தொட்டித் தண்ணீர்?

சித்தன்னவாசல் ஓவியங்களால் பெயர்பெற்ற அன்னவாசல் ஒன்றியத்தைப் பொது சுகாதாரத் துறையினர் இன்னொரு காரணத்துக்காகவும் மறக்கக் கூடாது. வேங்கைவயல் இந்த ஒன்றியத்தில்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே குழந்தைகளுக்கு அடுத்தடுத்துக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. சிகிச்சையளித்த மருத்துவர்கள் குடிதண்ணீரைச் சந்தேகித்தார்கள். டிசம்பர் 26 அன்று ஊர்க்காரர்கள் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். பட்டியல் சமூகக் குடும்பங்களுக்கு நீர் வழங்கிய 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்குள் மனித மலம் கிடந்தது.

அந்த நீரைக் குடிக்க நேர்ந்தவர்களின் அவமானத்தை எந்த ஆய்வக அறிக்கையும் அளக்காது. குற்றத்தை விசாரிப்பது சட்டத்தின் கடமை. நம் கடமை வேறு: நோயாளியின் வயிற்றிலிருந்து தொட்டி வரை நோயின் தடத்தைப் பின்தொடர்வது. வேங்கைவயலில் மருத்துவர்கள் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு நின்றிருந்தால், குணமான குழந்தைகள் அதே தண்ணீருக்கே திரும்பியிருப்பார்கள்.

'என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?' என்று கேட்டால் 'பைப் தண்ணிதான்' என்று பதில் வரும். அது போதாது. ஒரே வீட்டில் குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர், சமைக்க ஆழ்துளைக் கிணற்று நீர், தட்டுப்பாட்டில் கேன் தண்ணீர் என்று புழங்குகிறது. பிள்ளைக்குப் பள்ளியில் வேறு தொட்டி. எந்தத் தொட்டி, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எதில் பிடித்து வைக்கிறீர்கள், எப்படி மொள்கிறீர்கள் என்று நான்கையும் கேட்க வேண்டும். விட்டுவிட்டு நீர் வரும் குழாயில் அழுத்தம் குறையும்போது, கசிவுள்ள இடத்தில் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் ஆபத்து இன்னும் கூடும். சுத்தமாக வந்த நீரும், டம்ளரோடு விரல்கள் குடத்துக்குள் முங்கும்போது கெடுகிறது. வீட்டில் சேமிக்கும்போது மாசு கூடுவதை வேலூரில் நடந்த ஆய்வு 2004-லேயே காட்டியது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் குழாயை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. அதற்குப் பிந்தைய பாதுகாப்பை இணைப்புகளின் எண்ணிக்கை சொல்லாது.

ஆகவே குளோரின் சோதனையைத் தொட்டியடியில் முடித்துக்கொள்ளக் கூடாது. தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரினாவது இருக்க வேண்டும். 100 மில்லி நீரில் ஒரு ஈ.கோலை கூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைப் பாட்டிலில் ஊற்றிய நீர் கறுத்தால் மலக்கலப்பைச் சந்தேகித்து, ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் அந்த விநியோகத்தை நிறுத்தி, மாற்று நீர் தர வேண்டும்.

நாம் கேட்பது இதுதான்: ஆரம்ப சுகாதார நிலையத்தின் வயிற்றுப்போக்குப் பதிவேட்டில் 'எந்தத் தொட்டி' என்று ஒரு கட்டம் வேண்டும். ஒரே வாரத்தில் ஒரே தொட்டியின் பெயர் இரண்டாம் முறை எழுதப்பட்டால், அன்றைக்கே சுகாதார ஆய்வாளர் அங்கே போக வேண்டும். மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். சந்தேகம் வந்து தொட்டிமேல் ஏறும் வேலையை இனி எந்த ஊர் மக்களிடமும் விட்டுவிடக் கூடாது.